காரை விற்கலாம், கிரைண்டரைக் கூட்டாக வாங்க வேண்டாம்

கேள்வி: வெள்ளவத்தையில் சொந்த பிளாட்டில் இருக்கிறோம், பிளாட் என் பெயரில். இவருக்குக் கோட்டையில் வேலை, ரயிலில்தான் போய்வருவார். இரண்டு பிள்ளைகள், மாமியும் எங்களோடுதான் இருக்கிறா. போன வருடம் லீசிங்கில் ஒரு சின்னக் கார் எடுத்தோம். மாதம் 62,000 ரூபா கட்டுகிறோம், இன்னும் 4 வருடம் இருக்கிறது. கார் கிழமை நாட்களில் கீழே சும்மா நிற்கிறது. பெற்றோல், இன்சூரன்ஸ், சேர்விஸ் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு 28,000. பெப்ரவரி முழுக்கக் காரைத் தொடாமல் ஆப்பில் ஹயர் பிடித்துப் போய்ப் பார்த்தோம், 19,000தான் வந்தது. விற்போம் என்கிறார் இவர். விற்காதே, ரென்ட் எ கார் காரரிடம் கொடு, மாதம் 80,000 வரும் என்கிறார் இவருடைய கூட்டாளி. ஒரு அறையும் சும்மா கிடக்கிறது, அதை நாள் வாடகைக்கு அறை விடுகிற ஏர்பிஎன்பி ஆப்பில் போடலாமா என்று யோசிக்கிறோம். இதற்கிடையில் எங்கள் மாடியில் இருக்கிற மூன்று வீடும் சேர்ந்து ஒரு பெரிய கிரைண்டர் வாங்குவோம், ஒரு பள்ளிக்கூடக் காரும் ஓடுவோம் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறா. மாமிக்கு இது ஒன்றுமே பிடிக்கவில்லை. "இரவில எனக்கு ஏதும் எண்டால் ஆப்பைத் தட்டிக்கொண்டு நிப்பியளோ?" என்கிறா. என்ன செய்வது?

– த., வெள்ளவத்தை

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பது நாலு கேள்வி போலத் தெரிந்தாலும் கணக்குப் பார்க்கிற என் கண்ணுக்கு ஒரே கேள்விதான். ஒரு பொருளை எத்தனை பேர் பாவித்தாலும் பரவாயில்லை. அது யாருடைய பெயரில் இருக்கிறது, பழுதானால் யார் காசு கொடுப்பது, இந்த இரண்டுக்கும் முன்கூட்டியே விடை இருந்தால் பகிர்ந்து பாவிப்பது நல்ல காரியம். இல்லையென்றால் காசும் போகும், உறவும் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாருங்கள்.

முதலில் கார். உங்கள் கணவர் சொல்வது சரி, ஆனால் அவர் போடுகிற கணக்குப் பிழை. 62,000ஐயும் 28,000ஐயும் கூட்டி 90,000 என்று எடுத்து, அதை ஆப்பின் 19,000க்குப் பக்கத்தில் வைத்து, மாதம் 71,000 மிச்சம் என்று சொல்லியிருப்பார். வருகிறவர்கள் பாதிப்பேர் என்னிடம் இப்படித்தான் கணக்குக் கொண்டுவருகிறார்கள். 62,000 முழுக்கச் செலவு இல்லை. அதில் ஒரு பங்கு முதல், அது காருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, விற்கும்போது ஓரளவாவது திரும்பி வரும். மற்றப் பங்கு வட்டி, அது போனது போனதுதான். லீசிங்கில் ஆரம்பத் தவணைகளில் வட்டிதான் கூட, போகப் போகத்தான் முதல் கூடும். நீங்கள் இப்போதுதான் ஒரு வருடம் முடித்திருக்கிறீர்கள், ஆகவே இதுவரை கட்டியதில் கணிசமான பகுதி வட்டி. கம்பனியில் தவணை அட்டவணையைக் கேளுங்கள், ஒவ்வொரு மாதமும் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும். அதோடு இன்றைக்கு முழுதாகக் கட்டி முடித்தால் எவ்வளவு என்று ஒரு கடிதமும் வாங்குங்கள். இந்த இரண்டு தாளும் கையில் இல்லாமல் ஒரு புரோக்கரோடும் விலை கதைக்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் புது வாகனம் வராததால் பழைய வாகனத்தின் விலை இறங்காமல் நின்றது, சிலதுக்கு ஏறவும் செய்தது. அந்தப் பழக்கத்தில் எங்கள் ஆக்கள் பலரும் காரை ஒரு காணித்துண்டு மாதிரி நினைக்கிறார்கள், வைத்திருந்தால் விலை ஏறும் என்று. கார் ஓடித் தேய்கிற சாமான். நாடு வழமைக்குத் திரும்பினால் அதன் விலையும் வழமைக்குத் திரும்பத்தான் செய்யும். வட்டியையும் வருடா வருடம் குறைகிற விலையையும் சேர்த்துப் பார்த்தால், கிழமையில் இரண்டு நாள் மட்டும் ஓடுகிற ஒரு காரை வைத்திருப்பது உங்களுக்குக் கட்டாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்பேன், ஆனால் இந்த மாதம் இல்லை.

ஏன் என்றால் நீங்கள் பரீட்சித்துப் பார்த்த மாதம் பெப்ரவரி. கொழும்பில் அது பெரிய மழை இல்லாத காலம். ஆப்பில் வாகனம் பிடிப்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் ஐந்தரைக்கு காலி வீதியில் மழைக்குள் நின்று பார்க்க வேண்டும். கட்டணம் ஏறும், வாகனம் கிடைக்காது, கிடைத்தவரும் போன் எடுத்து எங்கே போகிறீர்கள், காசா கார்டா என்று கேட்டுவிட்டு ஹயரை ரத்துச் செய்வார். இதற்காக ஓட்டுநரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு மணித்தியாலம் நெரிசலில் நின்று உழைக்கிற காசில் பெற்றோலுக்கும் கமிஷனுக்கும் போக மிச்சம் என்ன என்று அவரும் கணக்குப் பார்க்கிறார், கார்ட் காசு கையில் வரச் சுணங்கும் என்று யோசிக்கிறார். ஆகவே மழை மாதம் ஒன்றிலும், பிள்ளைகளுக்குச் சோதனை நடக்கிற மாதம் ஒன்றிலும் இதே பரீட்சையைத் திரும்பச் செய்யுங்கள். யாழ்ப்பாணப் பயணத்தையும் மறக்காமல் கணக்கில் சேருங்கள். வருடத்தில் இரண்டு தரம் வான் பிடித்துக் குடும்பத்தோடு போவதென்றால் மிச்சம் பிடித்ததில் பெரிய துண்டு அதிலேயே போய்விடும். ரயிலிலோ, இரவில் வெள்ளவத்தையில் எடுக்கிற யாழ்ப்பாண பஸ்ஸிலோ போகச் சம்மதம் என்றால் மிச்சம் மிச்சமாகவே நிற்கும். மாமிக்கு முழங்கால் இடம் கொடுக்குமா என்பதையும் பாருங்கள்.

மாமி கேட்டது மிக நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு நோகிறது என்றால் ஆப்பும் சரிவராது, கணவர் தூக்கக் கலக்கத்தில் பதறிப்போய்க் காரை ஓட்டுவதும் சரிவராது. 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், 2016இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க ஓடுகிறது, ஒரு சதமும் எடுக்க மாட்டார்கள். வண்டிக்குள் பயிற்சி பெற்றவர் இருப்பார், போகிற வழியிலேயே ஒட்சிசன் கொடுக்கலாம், சொந்தக் காரில் அது முடியாது. அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். உங்கள் லேனுக்கு வரும் வழியைச் சிங்களத்திலும் சொல்லத் தெரிந்து வைத்திருங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவசரம் இல்லாத கிளினிக்குகளுக்கு ஆப் போதும். ஓட்டுநரின் படத்தையும் நம்பர் பிளேட்டையும் பார்த்துவிட்டு ஏறுவது, பயண லிங்க்கை வீட்டுக்கு அனுப்புவது, பிள்ளைகளைத் தனியே ஏற்றி அனுப்பாமல் இருப்பது, இவ்வளவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ரென்ட் எ கார் விஷயத்தில் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். லீசிங் முடியும்வரை வாகனப் புத்தகத்தில் உண்மையான உரிமையாளராக இருப்பது லீசிங் கம்பனி, நீங்கள் பாவனைக்காரர். கம்பனியைக் கேளாமல் காரை வாடகைக்கு விட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகும். இரண்டாவது, உங்கள் இன்சூரன்ஸ் தனிப்பட்ட பாவனைக்கு எடுத்தது. வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் கம்பனி கையை விரித்துவிடலாம். மூன்றாவது, கொழும்பில் பல வருடமாக நடக்கிற ஒரு மோசடி: ஒருவர் அடையாள அட்டை கொடுத்து, முற்பணமும் கட்டி, ஒழுங்காக இரண்டு மாதம் வாடகையும் தந்துவிட்டு, காரை வேறு ஒருவரிடம் அடகு வைத்துவிட்டு மறைந்துபோவார். அடகு பிடித்தவர் காரை விடமாட்டார், லீசிங் கம்பனி தவணையை விடாது, நீங்கள் பொலிசுக்கும் கோர்ட்டுக்கும் அலைவீர்கள். மாதம் 80,000 என்பது இத்தனை ஆபத்தையும் நீங்கள் தலையில் தூக்குவதற்கான கூலி. அந்தக் கூட்டாளி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இல்லையே.

பக்கத்து வீட்டு அக்காவின் பள்ளிக்கூடக் கார் யோசனை அப்படி இல்லை, அது நல்லது. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போய், கியூவில் நாட்கணக்காக நின்று, பிறகு கியூஆர் பாஸ் வந்து கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து தந்த காலத்தில் எங்கள் லேன்களில் யாருடைய காரில் யாருடைய பிள்ளை போனது என்று கணக்கே இருக்கவில்லை. ஒரு காரில் நாலு வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். நெருக்கடி தீர்ந்ததும் எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள், எனக்கு அதில் உண்மையில் கவலைதான். இப்போது செய்வதானால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒரு கிழமை உங்கள் கார், அடுத்த கிழமை அவர்களுடைய கார் என்று முறை போட்டால் காசே கைமாறத் தேவையில்லை. உங்கள் காரை விற்ற பிறகு என்றால் பெற்றோல் செலவில் பாதியைக் கொடுங்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் வைத்து வேறு வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றத் தொடங்கினால் அது ஹயர் ஓடுவதுதான், இன்சூரன்ஸ் கம்பனியின் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். பெற்றோல் பங்கு எடுத்தால் பிரச்சினை இல்லையா என்று அக்காவை அவருடைய கம்பனியிடம் கேட்கச் சொல்லுங்கள், பதிலை ஈமெயிலில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். போனில் சொல்கிற பதிலுக்குப் பின்னால் பெறுமதி இல்லை.

இனி அறை. இதில்தான் நான் கொஞ்சம் நிதானமாகக் கதைக்க வேண்டும், ஏனென்றால் ஏர்பிஎன்பி என்றதும் எல்லோரும் ஒரு இரவுக்கான விலையை முப்பதால் பெருக்கிப் பார்க்கிறார்கள். முப்பது இரவும் ஆள் வராது. வருகிறவர் ஏசியை இரவு முழுக்க ஓடவிடுவார், தினம் இரண்டு தரம் குளிப்பார், ஒவ்வொருவர் போனதும் விரிப்பு, துவாய், மெத்தை உறை எல்லாம் தோய்க்க வேண்டும். எங்கள் நாட்டில் கரண்ட் பில் படிப்படியாக ஏறுகிற பில். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும், படி மாறும்போது நிலைக் கட்டணமும் மாறும். ஆகவே விருந்தாளியின் ஏசிக்கு ஆன யூனிட்டை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது, அவருடைய ஏசி உங்களை அடுத்த படிக்குத் தூக்கிவிட்டால் கூடின யூனிட் விலையோடு கூடின நிலைக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கட்டுவீர்கள். தண்ணீர் பில்லும் அப்படித்தான். கடைசி ஆறு மாதப் பில்லை எடுத்து இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள், அடுத்த படிக்கு எத்தனை யூனிட் இருக்கிறது என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் பிளாட்டின் விதிகளைப் பார்க்க வேண்டும். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின் கீழ் பதிந்த பிளாட் என்றால் உங்கள் கட்டடத்துக்கு ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும், அதற்கென்று விதிகளும் இருக்கும். உங்கள் கதவுக்கு உள்ளே உங்கள் சொத்து, ஆனால் லிஃப்ட், மாடிப்படி, கேட், மொட்டைமாடி எல்லாம் எல்லோருடைய பொதுச் சொத்து. தினம் ஒரு புது ஆள் சூட்கேஸோடு லிஃப்டில் ஏறி இறங்கினால் மற்ற வீட்டுக்காரருக்கும் அதில் கேள்வி கேட்க உரிமை உண்டு. குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று விதி இருக்கிறதா என்று செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். உல்லாசப் பயணிகளை வைத்திருப்பதென்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதியவும் வேண்டும், வீட்டில் ஒரு அறைதானே என்று விட்டுவிட முடியாது. வரியும் இருக்கிறது. பிளாட் உங்கள் பெயரில் இருப்பதால் அறையின் வருமானமும் உங்கள் வருமானம். 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி வருடத்திலிருந்து ஒருவருக்கு வருடத்துக்கு 18 லட்சம் வரை விலக்கு. ஒரு அறை வாடகை அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் உங்களுக்கு வேறு வருமானம் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கணவரின் சம்பளத்தோடு இதைச் சேர்க்கத் தேவையில்லை, அவருடைய கோப்பு வேறு, உங்களுடையது வேறு.

மாமி அந்நியரை வீட்டுக்குள் எடுக்கப் பயப்படுகிறா என்றால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. யுத்த நாட்களில், பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாத ஒரு ஆளை, சொந்த மருமகனாக இருந்தாலும், ஒரு இரவு வீட்டில் படுக்கவிடப் பயந்த காலம் இந்த வெள்ளவத்தையிலேயே இருந்தது. 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் தமிழ் ஆக்களை விடியப்புறத்தில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. அந்த நாட்களில் கொழும்பில் இருந்தவர்களுக்கு வாசல் மணி அடித்தால் வயிறு கலங்குவது இன்னும் போகவில்லை. பிள்ளைகளுக்கு இது விளங்காது, நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போவது மாமிதான், அவ சம்மதியாமல் ஒரு அறையையும் கொடுக்க வேண்டாம்.

ஆகவே என் ஆலோசனை: ஏர்பிஎன்பியை விட்டுவிட்டு, வேலைக்குப் போகிற அல்லது கம்பஸில் படிக்கிற ஒரு பெண்பிள்ளைக்கு மாத வாடகைக்கு அறையைக் கொடுங்கள். வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்புக்கு வேலை கிடைத்து வருகிற பிள்ளைகள் இரவில் பயமில்லாமல் திரும்பி வரக்கூடிய ஒரு அறைக்குப் படுகிற பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. தெரிந்தவர் வழியாக வருகிற பிள்ளை என்றால் மாமியும் இணங்குவா. இரவு வாடகையைப் பெருக்கி வருகிற தொகையில் பாதிதான் வரும் என்று வையுங்கள், ஆனால் அது மாதா மாதம் வரும், ஏசி இல்லை, தினம் விரிப்புத் தோய்ப்பதும் இல்லை. தெரிந்த பிள்ளை என்பதற்காக எழுதாமல் விடாதீர்கள். முற்பணம் எத்தனை மாதம், கரண்டுக்கு எவ்வளவு, குசினி பாவிக்கலாமா, விருந்தாளி வரலாமா, விலகுவதென்றால் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும், இவற்றை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஒவ்வொரு பிரதி வைத்திருங்கள். வீட்டோடு தங்குகிற ஆளுக்கு இது போதும். ஆனால் பூட்டுச் சாவியோடு தனி அனெக்ஸாகக் கொடுப்பதென்றால் அது குத்தகை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதியதாக இருந்தால்தான் சட்டத்தில் நிற்கும். அது இன்றைக்கு நேற்று வந்த சட்டமும் இல்லை, 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அப்படி யோசனை வந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

இப்போது கிரைண்டர். சின்ன விஷயம் என்று நினைத்திருப்பீர்கள். என்னிடம் வருகிற குடும்பச் சண்டைகளில் வீடு காணிக்கு அடுத்தபடி கூட்டாக வாங்கிய சாமான்தான் நிற்கிறது, அதனால் இதையும் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன்.

மூன்று வீடும் சம பங்கு போட்டு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். எந்த வீட்டில் வைப்பது? வைத்த வீட்டுக் கரண்ட் பில் யார் கட்டுவது? கழுவுவது யார்? கிரைண்டர் பாவித்தவர்களுக்குத் தெரியும், கல்லைத் தூக்கி அடியில் விரல் விட்டுப் பார்த்தால் நடுத்தண்டைச் சுற்றி உழுந்து மா ஒட்டிக்கொண்டு நிற்கும், அதை அன்றைக்கே தேய்த்துக் கழுவாவிட்டால் அடுத்த நாள் காய்ந்து கல்லாகும், மூன்றாம் நாள் புளித்த மணம் எழும்பும். முதல் வீட்டார் அரைத்தது தோசைக்கு, இரண்டாம் வீட்டார் அதில் உள்ளியும் செத்தல் மிளகாயும் அரைத்தார்கள், மூன்றாம் வீட்டார் கந்தசஷ்டி விரதம். இனி அந்தக் கல்லில் விரதக்காரர் அரைப்பாரா? வாய் திறந்து சொல்லவும் மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வருடம் கழித்து பெல்ட் அறுந்தால், கூட அரைத்தவர் கூடக் கொடுக்க வேண்டுமா, சமமா? இரண்டு வருடம் கழித்து ஒரு வீட்டார் கனடாவுக்குப் போகிறார்கள் என்றால் அவர்களுடைய மூன்றில் ஒரு பங்கை யார் வாங்குவது, எந்த விலைக்கு?

ஊரில் இதை எங்கள் பெரியவர்கள் அழகாகத் தீர்த்து வைத்திருந்தார்கள். கலியாணவீடு, செத்தவீடு என்றால் கதிரை, மேசை, கிடாரம், அகப்பை எல்லாம் சனசமூக நிலையத்திலிருந்து வரும். கதிரையின் முதுகில் நிலையத்தின் பெயர் பெயின்டில் எழுதியிருக்கும், கிடாரத்தின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். ஒரு கொப்பியில் யார், எத்தனை, எந்தத் திகதி என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், திரும்பி வந்ததும் எண்ணிப் பார்த்து, உடைந்ததற்குக் காசு பிடித்துவிட்டுத்தான் பெயரை வெட்டுவார்கள். தலைவரின் வீட்டுக் கலியாணம் என்றாலும் கொப்பி கொப்பிதான். சாமான் எல்லோருக்கும் பொது, ஆனால் அதற்குப் பொறுப்பு ஒரு இடத்தில் இருந்தது. இன்றைக்குப் புதிது புதிதாக வருகிற பகிர்வு ஆப்கள் செய்வதும் அந்தக் கொப்பியின் வேலையைத்தான். யார் எடுத்தார், எப்போது எடுத்தார், எப்படித் திருப்பித் தந்தார் என்று பதிவு வைக்கின்றன, அதற்குக் கமிஷனும் எடுக்கின்றன. மூன்று வீட்டுக்கு ஆப் தேவையில்லை, கொப்பி போதும்.

உங்கள் மாடியில் கிரைண்டரை ஒரு வீட்டார் தனியே வாங்கட்டும். அந்த அக்காவுக்கு அதில் ஆசை என்றால் அவவே வாங்கட்டும், நீங்கள் மற்ற இரண்டு வீட்டாரும் அரைக்கிற ஒவ்வொரு முறைக்கும் ஒரு தொகை கொடுங்கள், கரண்டும் தேய்மானமும் அதற்குள் அடக்கம். நீங்கள் காசு கொடுத்தால் அவவுக்கு மறைமுகமான மனத்தாங்கல் வராது, உங்களுக்கும் கேட்கக் கூச்சம் இராது. அக்கா காசு வாங்க மறுத்தால், எங்கள் ஆக்கள் மறுக்கத்தான் செய்வார்கள், மாதக் கடைசியில் ஒரு பை உழுந்தை வாங்கி அவவுடைய குசினி மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். கழுவித் துடைத்துத் திருப்புவது, மச்சம் மிளகாய் அரைப்பதில்லை, விரத நாட்களில் யாருக்கு முதல் முறை, இவற்றை மட்டும் தொடக்கத்திலேயே கதைத்து முடித்துவிடுங்கள். மாமியைக் கூட வைத்துக் கதையுங்கள், அவ சொல்கிற விதிகளை மற்ற வீட்டாரும் மதிப்பார்கள். பதிலுக்கு உங்கள் வீட்டில் ஏணியோ டிரில் மெஷினோ இருந்தால் அதை அவர்கள் எடுக்கட்டும். வருடத்தில் இரண்டு தரம் சுவரில் ஓட்டை போடுவதற்கு மூன்று வீட்டில் மூன்று டிரில் தேவையே இல்லை.

வாடகைக்கு எடுப்பதையும் இரவல் வாங்குவதையும் வேறு சாமான்களுக்கும் யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் புத்தகங்களுக்கு உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. வாங்கி அடுக்குவதற்கு முன்னால் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பிறந்தநாளுக்குக் கதிரையும் தகரப்பந்தலும் வாடகைக்கு எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. நகையை மட்டும் இரவல் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், தொலைந்தால் காசு கொடுத்தாலும் மனம் ஆறாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான். இந்தக் கிழமை லீசிங் கம்பனிக்குப் போய் அந்த இரண்டு தாளையும் வாங்குங்கள். அக்காவோடு பள்ளிக்கூட முறையைப் பேசி முடித்து அடுத்த பள்ளித் தவணையில் தொடங்குங்கள், கார் கையில் இருக்கும்வரை அதுவும் கொஞ்சம் உழைக்கட்டும். மழை மாதம் வரும்போது ஆப் பரீட்சையைத் திரும்பச் செய்து, வந்த தொகையை எனக்கு எழுதி அனுப்புங்கள். 28,000ஐத் தாண்டினாலும் உடனே மனம் மாற வேண்டாம், லீசிங் வட்டியையும் அந்தப் பக்கம் சேர்த்துவிட்டு ஒப்பிடுங்கள். விற்பதென்று முடிவானால் வாங்குகிறவர் லீசிங் கம்பனிக்கு நேரே கட்டி, மிச்சத்தை உங்களுக்கு வங்கி மூலம் தரட்டும். தவணையை நான் தொடர்ந்து கட்டுகிறேன், புத்தகம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்று யாராவது கேட்டால், எவ்வளவு தெரிந்த ஆளாக இருந்தாலும், சம்மதிக்காதீர்கள். அவர் கட்டாமல் விட்டால் கம்பனி தேடி வருவது உங்களைத்தான்.